சொந்தக் குரலில் ஒரு செய்தி

இறந்துபோனவன் பேசுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன். குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். டெக்சாஸில், இர்விங்கில், நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் சுவர்கள் பேருக்குத்தான் சுவர்கள். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தே நூறு வயசு என்று வாழ்த்தலாம். அந்தச் சுவரின் மறுபக்கத்திலிருந்து நவீத்தின் குரல் வந்தது. "அம்மா, மாத்திரை போட்டியா? பொய் சொல்லக் கூடாது" என்று உருதுவில் கேட்டது. அந்த வாரம்தான் நவீத்தைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

என் கணவருக்கும் கேட்டது. பேப்பரை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏய், அது அந்தப் பையன் வாய்ஸ்தானே? பெரியவர் பழைய டேப் ஏதாவது ப்ளே பண்றாரா?"

எதிராளி பேசி முடிக்கும்வரை டேப் காத்திருக்குமா? நடுவில் சிரிக்குமா? அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அறுபதை நெருங்கிய மனிதர் கதவைத் திறந்தார். காதில் கார்ட்லெஸ் ஃபோன். என்னைப் பார்த்ததும் உதட்டின் மேல் விரலை வைத்தார். விரலை எடுத்தபோது அந்த வயதான வாயிலிருந்து இளவயதுப் பையனின் குரல் வந்தது. "சரிம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை பேசறேன். உடம்பப் பாத்துக்கோ." பேயைப் பார்த்திருந்தால் அலறியாவது இருப்பேன். இதற்கு அலறலும் வரவில்லை.

அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு. பெயரைக் கேட்டாலே சிரிக்கிறவர்கள் இன்னும் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். பாகிஸ்தான் டெலிவிஷனில் அவர் சிரிப்பு நடிகர். ஒரு தொடரில் வாடகை கொடுக்க முடியாத குமாஸ்தாவாக வருவார். வீட்டுக்காரர் வாரா வாரம் கதவைத் தட்டுவார். இவர் வாரா வாரம் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது என்று சொல்லித் தப்பிப்பார். இந்த வாரம் பெரியப்பா, அடுத்த வாரம் மாமியார், அதற்கடுத்த வாரம் ஏற்கெனவே செத்த அதே பெரியப்பா. கடைசியில் கதவு திறந்ததுமே வீட்டுக்காரர், "இந்த வாரம் யார் செத்தது?" என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வரும் பிள்ளைகளை வாத்தியார்களே அப்படித்தான் கேட்பார்களாம். அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் கல்யாண வீட்டில் பந்தியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையும் டி.வி. முன்னால் வந்து உட்காருவான் என்று நவீத் சொல்லியிருக்கிறான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாடகக் குழுவோடு நியூ ஜெர்சிக்கு வந்தார். குழு திரும்பிப் போனது, இவர் போகவில்லை. ஏன் அங்கிள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வரும், ஒவ்வொருத்தர் குரலில். ஒரு மந்திரியைக் கிண்டல் செய்து வம்பில் மாட்டிக்கொண்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எப்படியோ இர்விங்குக்கு வந்து சேர்ந்துவிட்டார். அங்கே எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் மளிகை வாங்குவது ஒரே கடையில்தான். அந்தக் கடையின் வீடியோ கேசட் கவுண்டரில் அவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் அலமாரியில் அவர் முகம் போட்ட கேசட்டுகளே ஒரு வரிசை இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கேசட்டைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், பிறகு கூச்சல் போடுவார்கள்.

"நீங்களா? நீங்களேதானா? ஏதாவது சொல்லுங்க!"

"என்னத்தச் சொல்ல?" என்பார். அதற்கே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

காரணம் அந்தக் குரல். கொஞ்சம் விரிசல் விட்டது. பாதி மூக்கு வழியாக வரும். எதைச் சொன்னாலும் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். டி.வி.க்காக வரவழைத்த குரல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை, அவர் தொண்டையே அதுதான். "பல்லு வலிக்குது" என்று சொன்னாலும் சிரிப்பு வரும். உருதுவில் ஒரு வார்த்தை தெரியாத என் கணவரே, "அவர் சீரியஸா பேசும்போதும் எனக்குச் சிரிப்பு வந்துடுதுடி, கண்ட்ரோல் பண்ண முடியல" என்பார்.

எனக்கு உருது வரும். ஆம்பூரில் தோல் தொழிற்சாலைத் தெருவில் வளர்ந்தவள் நான். பிள்ளைகள் சண்டையிலேயே பாதி உருது படிந்துவிடும். முதல் நாள் கடையில் என் ஆம்பூர் உருதுவில் அவரிடம் என்னவோ கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு நான் சொன்னதை அப்படியே என் குரலில் திருப்பிச் சொன்னார். என் மூச்சு, என் இழுவை, நடுவில் நான் போட்ட 'ஆங்' உட்பட. கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு "ஆம்பூர்க்காரி". அவர் பக்கத்து வீடுதான் என்று அடுத்த வாரம் லாண்டரி அறையில்தான் தெரிந்தது. அவர் பேச்சு என் நினைவில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அதனால் தமிழிலேயே தருகிறேன்.

யார் குரலையும் எடுத்துவிடுவார் என்பதல்ல அவரிடம் விசேஷம். எப்போது எடுப்பார் என்பதுதான். வேடிக்கைக்கு எடுப்பது குறைவு. முக்கியமான காரியம் எதுவாக இருந்தாலும் கூடியவரை சொந்தக் குரலில் சொல்ல மாட்டார், இன்னொருவர் குரலைக் கடன் வாங்கிக்கொள்வார். ஒரு ஜனவரியில் அவர் வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. அபார்ட்மெண்ட் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். அங்கிருந்த அமெரிக்கப் பெண், "யூ ஆர் சோ ஃபன்னி" என்று சிரித்துவிட்டுக் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் உள்ளூர் டி.வி.யில் புயல் எச்சரிக்கை சொல்கிறவரின் குரலில் ஃபோன் செய்தார். சாயங்காலத்துக்குள் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

"என் குரலுக்குக் குளிராதுன்னு நெனச்சுட்டாங்க" என்றார் என்னிடம். நானும் சிரித்தேன்.

வார இறுதிகளில் பெரிய பெரிய டாக்டர்கள் அவரை விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். விருந்து என்றால் இவர் பேச வேண்டும், அவர்கள் சாப்பிட வேண்டும். ஒரு தடவை அப்படிப்பட்ட வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மூச்சு முட்டுது" என்றிருக்கிறார். மேஜையைச் சுற்றி நான்கு டாக்டர்கள். நால்வரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்களாம். உடன் போயிருந்த நவீத்துக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நல்லவேளையாக வாயுத்தொல்லைதான்.

நவீத் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவன். கராச்சிக்காரன், ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டினான். என்னை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். அப்பா இல்லை. ஊரில் அம்மாவும் சமீனா என்ற தங்கையும். கிரீன் கார்டு கேஸ் நடந்துகொண்டிருந்தது. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது, அதற்கும் போக முடியாத நிலைமை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே ராத்திரிச் சாப்பாடு முடியும் நேரத்தில், தவறாமல் ஃபோன் செய்வான். தன்னோடு யார் தங்கியிருக்கிறார் என்று முதல் மாதமே வீட்டில் பீற்றிக்கொண்டுவிட்டான். அதிலிருந்து அந்தம்மா ஒவ்வொரு வாரமும், "நடிகரை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுடா" என்று கெஞ்சுவார். இவரும் வாங்கி ஏதாவது சொல்லுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்த நவீத்தான் ஒரு மழை நாளில் ஃப்ரீவேயில் லாரி மோதிச் செத்துப்போனான். மசூதிக்காரர்கள் வந்து அவரையும் சேர்த்துக்கொண்டு ஆகவேண்டியதைச் செய்தார்கள். "ஊருக்குச் செய்தியை நீங்கதான் சொல்லணும், அவங்களுக்குத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்" என்று அவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சொல்லியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் சரிந்தார். நான் நின்றுகொண்டே கத்தினேன்.

"அங்கிள், என்ன காரியம் பண்றீங்க?"

"சொல்லத்தான் ஃபோன் பண்ணேன் ஆம்பூர்க்காரி. அந்தம்மா எடுத்ததும் 'நவீத்?'ன்னு கேட்டாங்க. நான் யோசிக்கறதுக்குள்ள வாய் 'ஆமாம்மா'ன்னுடுச்சு."

"இல்லம்மா, நான் வேற ஆளுன்னு சொல்லியிருக்கலாமே?"

"எந்தக் குரல்ல சொல்ல? இந்தக் குரல்லயா?" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "என் பெண்டாட்டி செத்த அன்னிக்கு அவ தம்பிக்கு ஃபோன் பண்ணேன். 'உங்க அக்கா போயிட்டா'ன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். 'இந்த வாரம் அக்காவா மாமா?'ன்னு கேட்டான். நான் அழறேன், அழ அழ அவன் சிரிக்கறான். கடைசில பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனை வாங்கிச் சொன்னார். அந்தத் தம்பி அதுக்கப்புறம் என் முகத்துல முழிக்கவே இல்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தேசமே ஒரு மனிதன் மேல் வைத்த பிரியம் இப்படியா வந்து முடியும் என்று எனக்கு மனசு ஆறவில்லை.

"ஆபரேஷன் முடியட்டும். இப்ப சொன்னா அந்தம்மா தாங்க மாட்டாங்க. முடிஞ்சதும் சொல்லிடறேன்" என்றார்.

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது ரொம்பத் தப்புடி. பெத்தவளுக்குத் தெரிய வேணாமா? நாளைக்கு வெளிய வந்தா என்ன ஆகும்?" என்று குதித்தார். ஆனால் எங்கள் ஆட்களிடமும் இது இல்லாததல்ல. மேல்மாடியில் இருந்த கோயம்புத்தூர்க்காரருக்கு அப்பா இறந்த செய்தியை, கிரீன் கார்டு இண்டர்வியூ முடியும்வரை வீட்டில் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார், அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார். ஊரில் இருக்கிறவர்கள் இங்கே இருப்பவர்களிடம் சாவை மறைப்பது எல்லோரும் செய்வதுதான். இங்கிருந்து ஊருக்கு மறைத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் செத்தவனின் குரலையே வைத்து.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறட்டும் என்றார். ஆறியது. ரமலான் போகட்டும் என்றார். போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன். ஒரு வாரம் கடையிலிருந்து அவருக்கு வந்த பையைக் கொடுக்கப் போனபோது கண்ணாலேயே பார்த்தேன். நவீத்தின் குரலில், "இரும்மா, அங்கிளைக் கூப்பிடறேன்" என்றார். ஃபோனைக் கை தூரத்தில் பிடித்துக்கொண்டு, "அங்கிள்! அம்மா கூப்பிடறாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். செருப்பை இழுத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தார். பிறகு ஃபோனைக் காதில் வைத்துச் சொந்தக் குரலில், "என்ன தங்கச்சி, உங்க பையன் என்னைத் தூங்கவே விடமாட்டேங்கறான்" என்றார். எதிர்ப்பக்கம் அந்தம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு கல்யாணப் பேச்சு தொடங்கியது. ஒரு பெண் பார்த்திருக்கிறேன், ஒத்துக்கொள் என்று அந்தம்மா. இப்போது வேண்டாம் என்று இவர். இதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று நான் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அங்கிள், வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க சொல்றீங்க. நான் பக்கத்துல இருப்பேன். உங்களால முடியலன்னா என் ஆம்பூர் உருதுல நான் சொல்றேன்."

தரையைப் பார்த்தபடி சரி என்றார். என் கணவரும் வந்தார். "பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கார் வேணுமில்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன். ஃபோன் கார்டு நம்பரை அழுத்தினார். மணி ஒரு தடவைதான் அடித்தது. அங்கேயும் ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள், ஒரே இரைச்சல். பிள்ளைகள் சத்தம், பாத்திரச் சத்தம், பெண்கள் பாட்டு.

"அண்ணா!" என்று சமீனாவின் குரல் துள்ளியது. "கோவிச்சுக்காதண்ணா, எல்லாம் அம்மா ஏற்பாடு!"

பிறகு அந்தம்மா. "நவீத், உன்கிட்டக் கேட்டா நீ வேணாம்ப. அதான் சொல்லாமச் செஞ்சுட்டேன். காஜியார் வந்திருக்கார். பொண்ணு பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கா. ஃபோன்லயே நிக்காஹ்வ முடிச்சிடலாம், கிரீன் கார்டு வந்ததும் நீ வந்து கூட்டிட்டுப் போ."

ஃபோனில் கல்யாணம் அப்போது அவர்களிடையே சாதாரணமாக நடப்பதுதான். எங்கள் அபார்ட்மெண்டிலேயே இரண்டு பேர் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள். காஜியார் கேட்கும்போது மாப்பிள்ளை 'கபூல்', அதாவது சம்மதம், என்று மூன்று முறை சொன்னால் போதும். அவ்வளவுதான், ஒரு பெண் மண்ணுக்கடியில் கிடப்பவனுக்கு மனைவியாகிவிடுவாள். என் கணவரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, ஃபோனைக் கட் பண்ணச் சொல்லு!" என்றார்.

காஜியார் நிதானமாகப் பெண்ணின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் சொன்னார். "மகனே நவீத், உனக்குச் சம்மதமா?"

இங்கே பெரியவரின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. நவீத் பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுக்கிற மாதிரி இழுத்தார். யாராவது ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் கொடுத்தே தீர வேண்டும் என்று முப்பது வருஷம் பழகிய உடம்பு அது. நான் அவர் கையைப் பிடித்தேன். இழுத்த மூச்சை அப்படியே விட்டார்.

"மகனே?" என்றார் காஜியார்.

அப்போது அவர் பேசினார். விரிசல் விட்ட, மூக்கால் வருகிற, கெஞ்சுகிற அந்தச் சொந்தக் குரலில். முதலில் தன் பெயரைச் சொன்னார்.

அந்த வீடு வெடித்தது. கைதட்டல், விசில், பிள்ளைகளின் கூச்சல். "நடிகர்! நடிகர் லைன்ல இருக்கார்! மாப்பிள்ளை கல்யாணத்துக்கு யாரைக் கொண்டாந்திருக்கான் பாருங்க!"

"எல்லாரும் கேளுங்க" என்றார். "நவீத் இங்க இல்ல. நவீத் செத்துட்டான்."

ஒரு விநாடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! ஆண்கள், பெண்கள், கிழவர்கள், எல்லோரும். காஜியார் சிரித்துச் சிரித்து இருமினார். யாரோ ஒரு வாலிபன் ஃபோனுக்கு அருகில் வந்து, வீட்டுக்காரரின் அதட்டலோடு, "இந்த வாரம் யார் செத்தது?" என்று கேட்டான். மறுபடியும் வீடு அதிர்ந்தது.

என் கணவருக்கு உருது தெரியாது. அத்தனை பேர் சிரிப்பதைக் கேட்டு அவர் முகத்திலும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடி, ஏதோ ஜோக்கா? சமாளிச்சுட்டாரா?" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"சத்தியமாச் சொல்றேன்" என்றார் அவர். குரல் உடைந்தது. உடைந்தபோது இன்னும் வேடிக்கையாக இருந்தது. "லாரி மோதிடுச்சு. நாங்கதான் அடக்கம் பண்ணோம்." சிரிப்பு. "அல்லா மேல ஆணை." அதற்கும் சிரிப்பு. யாரோ, "சார், இன்னொரு தடவை!" என்றார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இஸ்திரி போட்ட சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஃபோனை நோக்கிக் குனிந்தேன், என் ஆம்பூர் உருதுவில் கத்திவிடலாம் என்று.

"சும்மா இருங்க எல்லாரும்."

அந்தம்மாவின் குரல். உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"இத்தனை மாசமா என் பிள்ளை என்கிட்ட ஒரு தடவை கோவிச்சுக்கல" என்றார். "ஆபரேஷனுக்கு முன்னால வரைக்கும் ஃபோன்ல சண்டை போடாம வச்சதே இல்ல. அப்புறம் கல்யாணத்தத் தவிர நான் சொல்றதுக்கெல்லாம் சரிம்மா, சரிம்மா. அமெரிக்கா அவனை மாத்திடுச்சுன்னு இவங்க சொன்னாங்க. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்."



"அண்ணா" என்றார் அந்தம்மா. "என் பிள்ளையக் கடைசியா யாரு குளிப்பாட்டினது?"

அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் தங்கச்சி" என்றார். "வெந்நீர் வச்சு, இந்தக் கையாலதான்."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.